வலப்பக்கத்துக் கீறல்கள்

பழைய கார் வாங்கி விற்கும் கடையில் வண்டிக்கு விலை சொல்வது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை மனிதர்களை நோகடிப்பது என்றும் சொல்லலாம். கனடாவில், கல்கரியின் தெற்குப் பக்கம் இருக்கிற மர்ரேயின் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும், ஊரில் மற்றவர்கள் வண்டிக்குத்தான் விலை இறங்கும், தன் வண்டிக்கு இறங்காது என்று நம்பிக்கொண்டுதான் வருகிறார்கள். நான் தொகையைச் சொன்னதும், பெற்ற பிள்ளையைப் பற்றி யாரோ தப்பாகப் பேசிவிட்டதுபோல முகம் மாறும்.

இதில் ரொம்பப் பாவம், பெரிய ஜெர்மன் எஸ்.யு.வி. வைத்திருப்பவர்கள்தான். எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ, அறுநூறு குதிரைத்திறன். இரண்டரை டன் கனத்தை வைத்துக்கொண்டு பந்தயக் கார் மாதிரிச் சீறும். காற்றுப் பையில் மிதக்கிற சஸ்பென்ஷன், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய பிரேக் தட்டுகள், முதுகு பிடித்துவிடுகிற இருக்கைகள். புதிதாக வாங்குகிற பணத்தில் பக்கத்து மாகாணத்துச் சின்ன ஊரில் வீடே வாங்கிவிடலாம். ஆனால் ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை இறங்க ஆரம்பிக்கும். நாலு வருஷத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். புதிதில் அறுநூறு குதிரையும் ஓடும். வாரண்டி முடிந்தபிறகு அறுநூறும் உட்கார்ந்து தின்னும். அந்தத் தீனிச் செலவுக்குப் பயந்துதான் விலை விழுகிறது. வண்டி என்னவோ அப்படியேதான் இருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விற்க வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியை மெதுவாக ஒரு சுற்று வருவோம். எங்கே பழுது தெரிகிறதோ அங்கே விரலை வைத்துத் தடவுவோம். வாயைத் திறக்க மாட்டோம். அடுத்த பழுதுக்குப் போவோம். அவ்வளவுதான். எதிராளி சும்மா இருந்தால் மனிதர்களால் தாங்க முடியாது. அது ஒன்றுமில்லை, மளிகைக் கடையில் தள்ளுவண்டி இடித்தது, இது என் மச்சான் செய்த வேலை என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். சுற்றி முடிப்பதற்குள், மனத்தில் நினைத்து வந்த விலையை அவர்களே நாலு படி இறக்கிவிடுவார்கள். நான் அடிக்க வேண்டிய அடியை அவர்களே அடித்துக்கொள்வார்கள். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. மர்ரே என்னை 'ஊமை அம்மணி' என்றுதான் கூப்பிடுவான்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம், ஒரு பெரியவர் பஸ்ஸில் வந்து இறங்கி, சேறும் பனியுமாகக் கிடந்த முற்றத்தைக் கடந்து உள்ளே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பெயர் ஹால்வர் பிரெக்கி. வெல்டிங் பட்டறை வைத்திருந்து விற்றுவிட்டவர். பழைய கார் கடைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் வாங்கத்தான் வருவார்கள். இவர் விற்க வந்திருந்தார், வண்டி இல்லாமல்.

வண்டியை நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். கூடவே மனைவியும் வருவாள், அதற்கு முன்னால் எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும் என்றார். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. கோப்பையைப் பிடித்தபடியே சொல்லி முடித்தார்.

அவர் மனைவி கொரினுக்குப் போன இலையுதிர் காலத்தில் சின்னதாக ஒரு பக்கவாதம். கை கால் எல்லாம் சரியாகிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. பார்வையில் மட்டும் வலப்பக்கம் பாதி போய்விட்டது. இருட்டாக இருந்தால் தெரியும்; இது இருட்டுகூட இல்லை. அந்தப் பக்கம் உலகமே இல்லை, அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் தெரியும். திருப்ப வேண்டும் என்று தோன்றாது. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னாராம். கொரின் சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டு, அந்த டாக்டருக்கு இன்னும் மீசையே முளைக்கவில்லை என்று சொல்லி, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

அவள் கேம்ரோஸ் பக்கம் பண்ணையில் வளர்ந்தவள். பதினோரு வயதில் கோதுமை லாரி ஓட்டியிருக்கிறாள். இளவயதில் மண்பாதைப் பந்தயத்தில் ஆண்களைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியிருக்கிறாள். அப்புறம் ஆயுள் முழுக்க எண்ணெய்க் கிணற்று ஒப்பந்தக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக்கொண்டு, பழைய மினிவேன் ஒன்றை ஓட்டியிருக்கிறாள். பட்டறை விற்ற பணம் வந்தபோது என்ன வேண்டும் என்று ஹால்வர் கேட்டார். அறுநூறு குதிரை ஓடுகிற இந்த ஜெர்மன் வண்டியைக் கேட்டாள். ஆயுளில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்றார்.

"அவகிட்ட போய் ஓட்டாதன்னு எப்படிங்க சொல்றது?" என்று கேட்டார். "ஒரு தடவை சொன்னேன். ஒரு வாரம் ஜன்னல் ஓரமா உக்காந்துட்டா. சாப்பிட்டா, தூங்கினா, பதில் சொன்னா. ஆனா அவ அங்க இல்ல. எனக்கு அது தாங்கலை."

அதனால் பொய் சொல்லத் தொடங்கியிருக்கிறார். வண்டியில் புதிதாகக் கீறல் விழும்போதெல்லாம், தான் எடுத்துக்கொண்டு போனபோது இடித்துவிட்டதாக அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். வண்டியில் போகும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவார். அங்கே பார் சைக்கிள்காரன், அந்தக் குப்பைத்தொட்டியைப் பார் எவ்வளவு பெரிசு, இந்த லாரிக்காரன் என்ன இப்படி ஒட்டி வருகிறான் என்று. வயசாக வயசாக வாய் நீண்டுவிட்டது என்று அவள் திட்டுவாளாம். அவருக்கு அதில் சந்தோஷம்தான். அவளுடைய வலக்கண்ணாகத் தான் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம்தான் சொதப்பிவிட்டார். எப்படியாவது வண்டியை விற்றாக வேண்டும் என்று, தன் கண் மங்கிவிட்டது, இனிமேல் தன்னால் ஓட்ட முடியாது, விற்றுவிடலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் அவர் கன்னத்தைத் தட்டி, அதற்கென்ன கிழவா, இனிமேல் எங்கே போனாலும் நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ரொம்பக் கெஞ்சி, விற்பதற்குச் சம்மதிக்க வைத்திருக்கிறார். ஆனால் அவள் கணக்குத் தெரிந்தவள். வருஷா வருஷம் தேய்மானம் கழித்து, அறுபத்தைந்தாயிரம் டாலர் என்று எழுதி வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு காசு குறைந்தாலும் வீட்டுக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவாளாம்.

"நாளைக்கு அந்த வண்டி எங்க வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாதுங்க. எப்படியாவது நீங்க வாங்கிக்கணும். எங்க தெருவுல குழந்தைங்க நிறைய" என்றார் ஹால்வர். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அப்படி மறைத்து வைத்து, என் தப்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் எனக்கு வாய்க்கவில்லை. இரண்டு கல்யாணம் செய்தும் வாய்க்கவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

மர்ரேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஏலத்தில் அதே மாதிரி வண்டிகள் போன விலையைப் பார்த்துவிட்டு, கீறல் இல்லாத வண்டி என்றாலே அறுபதைத் தாண்டாது என்றான். நான் அவன் அறையை விட்டு நகரவில்லை. என் கமிஷனை எடுத்துக்கொள், அறுபத்தைந்து கொடு என்றேன். நீ ஆளே மாறிவிட்டாயா, உன் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டான். கடைசியில் சரி என்றான். நல்லவன்தான், சொன்னால் கோபம் வரும்.

ஆக, மறுநாள் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, அறுபத்தைந்து என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றக் கூடாது. விரலை வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். முற்றத்து வாசலில் திரும்பும்போதே அந்த எஞ்சின் சத்தம் கேட்டது, அடித்தொண்டையில் யாரோ உறுமுகிற மாதிரி. கரும்பச்சை நிறம். இந்த நாட்டு வண்டிகளில் இடப்பக்கம் இருக்கிற ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன உருவம், இருக்கையை முன்னால் இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வலப்பக்கத்தில் ஹால்வர் கைகளை ஆட்டி ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எங்கள் கொடிக்கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கைநீளம்கூட இல்லை. வண்டி நின்றபிறகுதான் அவர் பேச்சை நிறுத்தினார்.

கொரின் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினாள். வெள்ளை முடியை ஆண்பிள்ளைபோலக் கத்தரித்திருந்தாள். கண் சிரித்தது. "வழி பூரா ரேடியோ மாதிரி பேசிட்டே வந்தான் கண்ணு" என்றாள் என்னிடம். "கண்ணு தெரியலன்னு சொல்றான். ஆனா ரோட்டுல போற எறும்பைக்கூட விடாம எனக்குக் காட்டறான்."

எனக்குப் பார்த்தவுடன் அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் வினை. பிடித்தவர்கள் முன்னால் என் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடும்.

பேசிக்கொண்டே வண்டியின் முன்னால் போனேன். முன்கண்ணாடியில் ஒரு விரிசல். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த ஊரில் விரிசல் இல்லாத கண்ணாடி என்றால் நேற்று மாற்றியது என்று அர்த்தம். பானெட்டில் ஆலங்கட்டி மழை விட்டுப்போன குழிகள். அதுவும் எல்லோருக்கும் இருக்கிறதுதான். கொரின் டர்போவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பான்ஃப் போகிற ஏற்றத்தில் லேசாக மிதித்தால் போதும், மலை தானே வழிவிடும் என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே இடப்பக்கமாகப் பின்னால் போய்த் திரும்பினேன். இடப்பக்கம் முழுக்க ஒரு கோடுகூட இல்லை. நேற்று ஷோரூமிலிருந்து வந்தது மாதிரி இருந்தது.

வலப்பக்கம் வந்ததும் என் கை தானாகவே நீண்டது. முப்பது வருஷப் பழக்கம். பின் பம்பரின் ஓரத்தில் ஒரு தேய்ப்பு. விரலை வைத்துத் தடவினேன். வாயைத் திறக்கவில்லை. வைத்தபிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

ஹால்வர் உடனே ஆரம்பித்தார். அது நான்தான், ஹார்டுவேர் கடைத் தூணில் உரசிவிட்டேன் என்றார். கையை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்கதவில் அடுத்த கோடு, கண்ணில் படாமல் போகவே முடியாத அளவுக்கு நீளம். அதையும் பார்த்துவிட்டேன். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அதுவும் நான்தான், பக்கத்து வீட்டுக்காரனுடைய படகு டிரெய்லர் என்றார். முன்கதவில் ஒரு நசுங்கல்; குப்பைத்தொட்டி. பக்கவாட்டுக் கண்ணாடியின் மூடி பெயர்ந்திருந்தது, பெட்ரோல் பங்க். ஒவ்வொன்றுக்கும் இடம், நாள், அன்றைக்கு என்ன வாங்கப் போனார் என்பது முதல் தயாராக வைத்திருந்தார். எவ்வளவு யோசித்து யோசித்து இதையெல்லாம் கோத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொரின் அவர் பின்னாலேயே வந்தாள். முதல் இரண்டுக்கும் கிண்டல் செய்தாள். இவன் ஓட்டினால் தூண்களெல்லாம் எழுந்து நடுரோட்டுக்கு வந்துவிடும் என்றாள். மூன்றாவதுக்குச் சிரிக்கவில்லை. கண்ணாடி மூடிக்கு வந்தபோது, வண்டியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்சக்கரத்தின் மேல்வளைவில் ஏதோ சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் நின்றுவிட்டேன். எங்கள் தொழிலில் நிற்பதும் விரல் வைப்பதும் ஒன்றுதான். உடைந்த பிளாஸ்டிக் துண்டு. அதன் ஓரத்தில் வெள்ளை நாடாக் குஞ்சலம் கொஞ்சம், சின்னப் பிள்ளைகளின் மூன்று சக்கர சைக்கிள் கைப்பிடியில் தொங்குமே, அது.

ஹால்வர் குனிந்து பார்த்தார். அதற்கு அவரிடம் கதை இல்லை. அவர் அதை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. அப்புறம், "அதுவும் நான்தான்" என்றார்.

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் ஏதாவது சொல்லி இதை நிறுத்தியிருக்கலாம்.

"இல்ல ஹால்" என்றாள் கொரின். "அது நான்."

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. சொல்லி முடிக்க வேண்டும் என்று நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை. நீ முடி வெட்டப் போயிருந்த. லைப்ரரிக்குப் பின்னாடி சந்துல திரும்பறேன், டப்புனு ஒரு சத்தம். எறங்கிப் பாத்தா சக்கரத்துக்கு அடியில சைக்கிள். அந்தப் புள்ள வீட்டுப் படியில உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருந்துச்சு. அழவே இல்ல. என்னையே பாத்துட்டு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்க அம்மாகிட்ட அன்னிக்கே புது சைக்கிள் வாங்கிக் குடுத்தேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லுச்சு ஹால். நன்றி."

ஹால்வருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் கேட்டதெல்லாம் உனக்கு எதுவும் ஆகவில்லையே என்பதுதான்.

கொரின் வண்டியின் பின்பக்கமாக நடந்தாள். இதுவரை நான் எங்கேயெல்லாம் விரல் வைத்தேனோ அங்கேயெல்லாம் திரும்பப் போனாள். பம்பர் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, "இது நான்" என்றாள். பின்கதவில் வைத்து, "இதுவும் நான்" என்றாள். நசுங்கலில் வைத்தாள், கண்ணாடியில் வைத்தாள். என் தொழிலில் இத்தனை வருஷத்தில், பழுதைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று ஹால்வர் கேட்டார்.

"நாப்பது வருஷத்துல நீ ஒரு கரண்டியைக்கூடக் கீறினது இல்ல" என்றாள் அவள். "திடீர்னு தூண், தொட்டி, படகு எல்லாத்துலயும் போய் இடிக்கற, அதுவும் ஒரே பக்கமா. கண்ணு மங்கிடுச்சுன்னு சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை உக்காந்து தூண்டில் முள்ளுல நூலைச் சுத்தி, மீனை ஏமாத்தக் கொசு அளவு பொய் ஈ கட்டிட்டு இருந்த. கண்ணு போனவன் செய்யற வேலையாடா அது? எல்லாம் தெரியும். நான் வாயைத் தொறந்து சொல்லிட்டா முடிஞ்சு போயிடும்னு பயம். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அந்தப் பயம் போய் வேற பயம் வந்துடுச்சு. அதான் நீ விக்கலாம்னு கெஞ்சினப்போ சரின்னேன்."

அப்படியென்றால் இன்றைக்கு ஏன் ஓட்டி வந்தாய் என்று அவர் கேட்டார். கேட்டதும் அவருக்கே பதில் தெரிந்துவிட்டது. அவர் கண்தான் மங்கிவிட்டதே. அவர் பொய்யை உடைக்காமல் இருப்பதற்காக அவள் ஓட்டி வந்திருக்கிறாள், ஒரு தெருவையும் விடாமல் பயந்துகொண்டே. அவளைக் காப்பாற்ற அவரும், அவரைக் காப்பாற்ற அவளும், நகரத்தின் பாதியைக் குறுக்கே கடந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். நல்லவேளையாக நடுவில் யாரும் வரவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டேன். அழுகை அடங்கவில்லை.

ஹால்வர் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. கொரின் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, நெற்றியை அவர் மார்பில் முட்டிக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய மனிதர் கீழே குனிந்து அவள் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். நான் டயர்களைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் அறுபத்தைந்து என்று சொன்னேன். கொரின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்தக் கீறல்களோடு சேர்த்தா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பைத்தியமா உனக்கு, ஐம்பத்தெட்டு கொடுத்தாலே பெரிசு என்றாள். விற்க வந்தவள் விலையைக் குறைக்கிறாள், வாங்குகிறவள் ஏற்றுகிறாள். மர்ரே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் தொழிலில் அன்றுதான் முதல் தடவையாகப் பேச்சுவார்த்தை தலைகீழாக நடந்தது. கடைசியில் ஐம்பத்தொன்பதில் முடிந்தது. முடிந்தபிறகு, வீட்டுக் கராஜில் குளிர்கால டயர் நான்கு கிடக்கிறது, அதற்குத் தனியாக ஒரு தொகை வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். அதில் மர்ரே அசந்துபோய்க் கொடுத்துவிட்டான்.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள். விரலை உடனே எடுக்கவில்லை. ரொம்ப நல்ல வண்டி கண்ணு, யாராவது அதை மலைப்பாதையில் ஓட்டுகிற ஆளாகப் பார்த்துக் கொடு, மளிகைக் கடைக்கு மட்டும் எடுத்துப் போகிறவனுக்குக் கொடுத்துவிடாதே என்றாள். கொடுக்க மாட்டேன் என்றேன். அப்புறம் விரலை எடுத்துக்கொண்டாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. ஹால்வர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அவர்கள் வீட்டுக்குப் போக மர்ரே ஒரு சின்ன வெள்ளைக் காரைக் கொடுத்தான், திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தால் போதும் என்று. பழக்கத்தில் கொரின் இடப்பக்கக் கதவுக்குத்தான் போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். ஹால்வர் அசையாமல் நின்றார். அவள் கையை எடுத்து, காரின் முன்பக்கமாகச் சுற்றி நடந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அந்த நாலைந்து அடி தூரத்தை அவள் எப்படி நடந்தாள் என்று எனக்குத்தான் தெரியும்.

ஹால்வர் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்ட மடங்கி உட்கார்ந்தார். அவள் ஜன்னலை இறக்கிவிட்டிருந்தாள். நான் வழியனுப்ப அந்தப் பக்கம் போய் நின்றேன். நான் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், புது ஆளைப் பார்க்கிற மாதிரி.

என்ன அப்படிப் பார்க்கிறாய் என்று அவர் கேட்டார்.

"நான் ஓட்டறப்போ நீ இந்தப் பக்கம் உக்காந்திருந்த ஹால்" என்றாள். "ஆறு மாசமா வெறும் குரல்தான் கேட்டுட்டு இருந்துச்சு. ஆளே இல்ல. இந்தப் பக்கம் வந்து உக்காந்தாத்தான் நீ முழுசா இருக்க."

அவர் காரைக் கிளப்பவில்லை. சாவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒருவன் தன் பிக்கப் லாரியை விற்க வந்து வழிக்காக ஹாரன் அடித்தான். நான் போய் அவனிடம் கொஞ்சம் பொறு என்றேன்.